துண்டிலிருந்து கிட்ஹப் வரை: கணக்கைத் திறந்து வைத்த கதை

மலையகத்தில் 'கணக்கு' என்று சொன்னால் பள்ளிக்கூடப் பாடம் முதலில் ஞாபகத்துக்கு வராது. கொழுந்து நிறுக்கும் தராசு, செக்ரோல், கணக்கப்பிள்ளை, சம்பள நாளில் கைக்கு வரும் சிட்டை, இதுகள்தான் வரும். எத்தனை கிலோ, எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், முற்பணம் எவ்வளவு, கழிப்பு எவ்வளவு, கடைசியில் ஒரு தொகை. அந்தத் தொகை எப்பிடி வந்தது என்று கேட்கலாம். ஆனால் புத்தகமும் பேனையும் கேட்கிறவர் பக்கம் இருந்ததே இல்லை.

தரவை ஆராய்ந்து எழுதும் ஆவணங்களை கிட்ஹப் போன்ற இணையக் களஞ்சியத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வைப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. கணினி படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விசயம் போலத்தான் அது வெளியில் தெரியும். அதை எங்கள் வரலாற்றோடு சேர்த்து வாசிக்கவேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். விடையை மட்டும் சொல்லாமல் விடைக்கு வந்த வழியையும் சேர்த்துக் காட்டு என்பதுதான் அந்தப் பழக்கத்தின் சாரம். பன்வில, மடுல்கெலை பக்கத்துத் தோட்டங்களில் நாலைந்து தலைமுறை வாய்விட்டும் விடாமலும் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

எழுபதாயிரம் பேர்

1849-க்குப் போவோம். தேயிலை இன்னும் வரவில்லை, கோப்பிக் காலம். கண்டியைச் சுற்றியிருந்த காடுகள் வெட்டப்பட்டு, நக்கிள்ஸ் மலைச்சரிவுகள் வரைக்கும் கோப்பி ஏறிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் நாள்கணக்காக நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். வழியில் கொலரா, அம்மை, பசி. வழியிலேயே செத்தவர்களுக்குப் பதிவு கிடையாது.

அந்த வருடம் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 1840-களில் வந்த தொழிலாளரில் சுமார் 70,000 பேர், அதாவது நூற்றுக்கு 25 வீதம், இறந்துபோனார்கள் என்றது அது. கோப்பிக் காலத்தைப் பற்றி எழுதும் எல்லாரும் இன்றைக்கும் இந்த எண்ணை எடுத்துச் சொல்கிறார்கள். கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அடுத்த கேள்வியையும் நாம் கேட்கத்தான் வேணும். இந்த எண் எப்பிடி வந்தது?

மரணப்பதிவு இல்லாத இடத்தில் இறப்பைக் கணிக்க ஒரு வழிதான் உண்டு. வந்தவர்கள் எத்தனை, திரும்பிப் போனவர்கள் எத்தனை, இங்கே இருப்பவர்கள் எத்தனை என்று பார்த்து, மிச்சம் கணக்கில் வராதவர்களை இறந்தவர்கள் என்று கொள்வது. கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். சிக்கல் அந்தக் கழித்தலுக்குள் இருக்கிறது. கோப்பி பறிக்க ஒரு பருவத்துக்கு வந்து போய், மறு வருடம் திரும்ப வந்த ஒருவரை இரண்டு ஆளாக எண்ணினார்களா? பதிவே இல்லாத துறையில் படகேறிப் போனவர் எந்தப் பக்கத்தில் வருவார்? போகாமல், சாகாமல், தோட்டத்துக்கு வெளியே தங்கிவிட்டவர்?

இந்தக் கேள்விகள் சாவைச் சின்னதாக்கிக் காட்டுவதற்கு இல்லை. சரியாக எண்ணியிருந்தால் இன்னும் கூடிய தொகைகூட வந்திருக்கலாம். பட்ரிக் பீபிள்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2001-இல் வெளியான இலங்கைத் தோட்டத் தமிழர் பற்றிய தன் நூலில், அந்தக் காலத்து வருகைப் புள்ளிவிபரங்களை நம்பி எழுதப்பட்ட பல முடிவுகளைத் திரும்பக் கேள்விக்குட்படுத்தினார். நம் ஆட்கள் வெறும் வந்துபோகிற கூட்டமாக மட்டும் இருக்கவில்லை, நினைத்ததைவிட முன்னதாகவே இங்கே நிலைத்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். ஒரு கழித்தல் கணக்குக்குள்ளே எத்தனை அரசியல் இருக்கிறது பாருங்கள். 'வந்துபோகிறவர்கள்' என்ற கணிப்பு 1948-இல் பிரஜாவுரிமையைப் பறித்தபோது எப்பிடிப் பயன்பட்டது என்று நமக்குத் தெரியும்.

1849-இல் அந்த மதிப்பீட்டைப் போட்டவர்கள் கணக்கின் ஒவ்வொரு படியையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தால், 170 வருடம் கழித்து வருகிறவர் ஒரு வரியை மாற்றி, திரும்பக் கூட்டி, விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்திருக்கலாம். நமக்குக் கிடைத்தது விடை மட்டும்.

துண்டு

இறப்புக் கணக்கு இப்பிடி என்றால், உயிரோடு இருந்தவர்களின் கணக்கு கடன் கணக்கு. ஊரிலிருந்து வரும் வழிச்செலவு முதல் கொண்டு எல்லாம் முற்பணமாகக் கங்காணி மூலம் வந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேணும் என்றால் 'துண்டு' வேணும். இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் இவ்வளவு ரூபா கடன், அதைக் கட்டினால் விடுகிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கை மாறும். அந்தச் சீட்டில் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணுக்குள் யார் பங்கு எவ்வளவு, எந்த மாதம் எதற்காக ஏறியது என்று அதைச் சுமந்தவருக்குத் தெரிய வழி இல்லை. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதே காலத்தில்தான் கோ. நடேசய்யர் வருகிறார். அவரைத் தொழிற்சங்கத் தலைவராக, பத்திரிகையாளராக நமக்குத் தெரியும். தஞ்சாவூரில் 'வர்த்தக மித்திரன்' என்ற வணிக இதழை நடத்தியவர் அவர் என்பதையும் சேர்த்து நினைக்கவேணும். கணக்கும் வியாபாரமும் தெரிந்த ஆள். வெளியாட்கள் நுழையமுடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போய், நிலைமையைப் பார்த்து வந்து எழுதினார். 'தேசபக்தன்' நடத்தினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அவர் செய்த வேலையின் ஒரு பகுதியை இன்றைய பாஷையில் சொன்னால், பூட்டி வைத்த தரவை வெளியே கொண்டு வந்தார்.

இன்னொரு பக்கத்தில் கண்டி நகரத்திலேயே ஒரு அலுவலகம் இருந்தது. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் பிறகு, இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் இலங்கைக்கு நியமிக்கப்பட்டு கண்டியில் இருந்து வேலை செய்தார். தோட்டத் தொழிலாளரின் வருகை, சம்பளம், பிறப்பு, இறப்பு பற்றி வருடா வருடம் அறிக்கை போனது. வரலாற்றாசிரியர்களுக்கு அது பெரிய சொத்து. ஆனால் அது எங்களைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கை, எங்களுக்கு எழுதப்பட்டதில்லை. லயத்தில் இருந்தவர் அதைத் திறந்து, 'இந்த வரி எங்க தோட்டத்துக்குச் சரியில்ல' என்று சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை.

'எப்பிடி வந்தது' என்று கேட்ட விஞ்ஞானிகள்

இதே குறை, வேறு உருவத்தில், விஞ்ஞானத்துக்குள்ளும் இருந்தது. கணினி வந்த பிறகு ஆய்வுக் கட்டுரைகளில் அழகான படங்களும் அட்டவணைகளும் நிறைய வந்தன. ஆனால் அதை உண்டாக்கிய நிரல் எழுதியவரின் கணினிக்குள்ளேயே கிடந்தது. மாணவர் பட்டம் வாங்கிப் போய்விட்டால், அதே ஆய்வகத்தில் அடுத்து வருகிறவரால்கூட அந்தப் படத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது.

1984-இல் டொனால்ட் குனூத் ஒரு யோசனை சொன்னார். நிரலையும் அதற்கான விளக்கத்தையும் ஒரே ஆவணத்தில், மனிதர் வாசிக்கிற ஒழுங்கில் எழுதலாமே என்று. 1990-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் நிலஇயற்பியலாளர் ஜான் கிளேர்பௌட் தன் குழுவில் ஒரு விதி கொண்டு வந்தார். அறிக்கையில் இருக்கிற படத்தை வேறொருவர் ஒரு கட்டளையில் அழித்து, இன்னொரு கட்டளையில் திரும்ப உண்டாக்க முடியவேணும். கட்டுரை என்பது ஆய்வுக்கான விளம்பரப் பலகை மாதிரி, உண்மையான ஆய்வு அந்தத் தரவும் நிரலும்தான் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது.

பிறகு கருவிகள் வரிசையாக வந்தன. ஆக்லாந்தில் பிறந்த 'ஆர்' மொழிக்கு 2002-இல் ஃப்ரீட்ரிக் லைஷ் 'ஸ்வீவ்' எழுதினார். 2012 வாக்கில் யிஹுய் ஷியேயின் 'நிட்டர்' அதை எளிமையாக்கியது, 'ஆர் மார்க்டவுன்' வந்தது. பைத்தன் பக்கத்தில் 2014-இல் 'ஜுப்பிட்டர்' திட்டம் தொடங்கியது. பெயர்கள் நிறைய, செய்கிற வேலை ஒன்று. ஒரே கோப்பில் பந்தி பந்தியாக எழுத்து இருக்கும், நடுவில் கணக்குச் செய்யும் நிரல் இருக்கும், அதற்குக் கீழே அந்த நிரல் தந்த விடை இருக்கும். எழுத்தாளர் விடையைக் கையால் தட்டச்சு செய்வதில்லை. தரவு மாறினால் திரும்ப ஓட்டினால் போதும், விடையும் மாறும்.

இது வெறும் ஒழுங்குப் பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2010-இல் கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசாங்கக் கடன் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 90-ஐத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்பது போன்ற முடிவு. கடன்பட்ட நாடுகளில் அரச செலவை வெட்டவேண்டும் என்றவர்களுக்கு அது நல்ல ஆயுதமானது. தோமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பச் செய்யப் பார்த்தார். விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கித் திறந்து பார்த்தால், ஒரு சூத்திரம் 5 நாடுகளை விட்டுவிட்டுக் கூட்டியிருந்தது. சில வருடங்களின் தரவு சேர்க்கப்படவில்லை, நாடுகளுக்கு நிறை கொடுத்த விதத்திலும் கேள்வி இருந்தது. 2013-இல் ஹெர்ண்டனும் அவருடைய இரண்டு ஆசிரியர்களும் வெளியிட்ட கணக்கில், உயர்கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 இல்லை, 2.2 வீதம் என்று வந்தது.

2022-இல் கடன் கட்டமுடியாமல் நின்ற நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது நமக்கு வேறுமாதிரி இருக்கும். எங்கோ ஒரு எக்செல் கட்டத்தில் இருக்கிற பிழை, இங்கே மண்ணெண்ணெய் விலையில் வந்து நிற்கலாம். அந்தக் கோப்பு முதல் நாளே பொதுவில் இருந்திருந்தால் 3 வருடம் காத்திருக்கத் தேவை இருந்திருக்காது.

களஞ்சியம் என்றால் என்ன

ஆவணம் கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பது, யார் மாற்றினார் என்று எப்பிடித் தெரியும்? லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் வேலைக்காக 'கிட்' என்ற கருவியை எழுதினார். கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு அது சேமித்து வைக்கும். அந்தச் சேமிப்புக்குப் பெயர் 'கமிட்'. 2008-இல் வந்த கிட்ஹப் இந்தக் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க இடம் கொடுத்தது.

செக்ரோலோடு ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். அங்கே ஒரு எண்ணை வெட்டி மேலே எழுதினால் மை அடையாளம் இருக்கும், புதுத் தாளில் எழுதினால் அதுவும் இருக்காது. கிட் களஞ்சியத்தில் பழைய எண்ணும் இருக்கும், புது எண்ணும் இருக்கும், நடுவில் மாற்றியவர் எழுதிய காரணமும் இருக்கும். வாசிக்கிறவர் பிழை கண்டால் 'இஷ்யூ' என்ற இடத்தில் எழுதலாம். முழுவதையும் தன் கணக்குக்குப் பிரதி எடுத்து, திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். அதை ஏற்றாலும் மறுத்தாலும் பொதுவில்தான் நடக்கும்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு சின்ன விசயம். ஜுப்பிட்டர் நோட்டுப் புத்தகத்தைக் களஞ்சியத்தில் ஏற்றினால், 2015-இலிருந்து கிட்ஹப் அதை அப்படியே பக்கமாகக் காட்டுகிறது. ஆர் மார்க்டவுனில் எழுதினால் வெளியீட்டை 'கிட்ஹப் டொக்கியுமென்ட்' வகையாக வைத்துக்கொண்டால் படமும் அட்டவணையும் நேரடியாகத் தெரியும். சாதாரண எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றினால் வெறும் குறியீடுதான் தெரியும், அதைப் பக்கமாகக் காட்ட 'கிட்ஹப் பேஜஸ்' போகவேணும்.

நம் பக்கத்து உதாரணங்கள்

இதெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கதையாகவே நிற்கவில்லை. 2020 மார்ச்சில் கொவிட் பரவியபோது இந்தியாவில் தன்னார்வலர்கள் சேர்ந்து 'கோவிட்19இந்தியா' தளத்தைத் தொடங்கினார்கள். மாநில அரசுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில், சில படமாக, சில ட்வீட்டாக எண்களை விட்டுக்கொண்டிருந்தன. அதை மாவட்ட வாரியாகச் சேர்த்து, தரவையும் நிரலையும் கிட்ஹப்பில் திறந்து வைத்தார்கள். 2021 ஒக்டோபர் 31 வரை அந்த வேலை நடந்தது. ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் அதைத்தான் நம்பிப் பாவித்தார்கள்.

இலங்கையில் 2022 போராட்டக் காலத்தில் 'வாட்ச்டொக்' என்ற குழு நாடெங்கும் நடந்த ஆர்ப்பாட்டங்களை நாள், இடம் வாரியாகப் பதிந்து திறந்த தரவாக வெளியிட்டது. பிறகு யாராவது 'கொழும்பில மட்டும்தான் சத்தம் போட்டாங்க' என்று சொன்னால், வரைபடத்தைத் திறந்து காட்டலாம்.

இன்னொன்று, 1849-க்கு நேராக நம்மைக் கூட்டிக்கொண்டு போவது. கொவிட் காலத்தில் உத்தியோகபூர்வ மரண எண்ணிக்கை பல நாடுகளில் நம்பமுடியாததாக இருந்தது. அரியேல் கர்லின்ஸ்கி, டிமிட்ரி கோபக் என்ற இருவர் நாடு நாடாகப் பொது மரணப் பதிவுகளைச் சேர்த்து, வழமையான வருடங்களில் எதிர்பார்க்கக்கூடிய சாவைக் கழித்து, மிகைச்சாவு எவ்வளவு என்று கணித்தார்கள். 2021-இல் கட்டுரை வந்தது. தரவும் நிரலும் கிட்ஹப்பில் இருந்தன. இதுவும் ஒரு கழித்தல் கணக்குத்தான். 'எதிர்பார்த்த சாவு' என்று எதை எடுத்தார்கள் என்பதில் உடன்படாதவர், அந்த வரியை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். 70,000 பேருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

4.1-இலிருந்து 2.8

இப்போது எங்கள் தலைமுறையின் கணக்குக்கு வருவோம். 1911 குடிசனமதிப்பில் நம்மை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணினார்கள், அப்போது நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 12.9 வீதம். 1971-இல் 9.3. 1981-இல் 5.5. 2012-இல் 4.1. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் மலையகத் தமிழர் என்ற பெயரும் சேர்ந்த அந்த வகை 2.8 வீதத்துக்கு இறங்கியது.

இந்த வரிசையைப் பார்த்ததும் 'அழிஞ்சு போறோம்' என்று ஒருவர் எழுதுவார். 'எல்லாரும் பேரை மாத்திக்கிட்டாங்க' என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் காட்டுவார்கள். உண்மையில் இந்தச் சரிவுக்குள் பல விசயம் கலந்து கிடக்கிறது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது, மிச்சம் 150,000 பேரை 1974-இல் பாதிப்பாதி என்றது. கப்பலேறிப் போனவர்கள் ஒரு பங்கு. 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்கள் ஒரு பங்கு. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள், பிறப்பு குறைந்தது என்று இன்னும் உண்டு.

எது எவ்வளவு என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள், அதில் பன்வில ஒன்று. ஒவ்வொரு பிரிவுக்கும் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் இரண்டு எண்ணையும் 2012-க்கும் 2024-க்கும் எடுத்துக் கூட்டவேணும். கூட்டுத்தொகை பெரிதாக மாறாமல் வகை மட்டும் மாறியிருந்தால் பெயர் மாற்றம் பெரிய காரணமாக இருக்கலாம். கூட்டுத்தொகையும் விழுந்திருந்தால் ஆட்களே குறைந்திருக்கிறார்கள், அப்போது வெளியேற்றத்தையும் பிறப்பையும் தேடவேணும். ஒரு பிரிவில் ஒன்று, பக்கத்துப் பிரிவில் மற்றது என்றும் வரலாம்.

இதை ஒரு ஆவணமாக எழுதிக் களஞ்சியத்தில் வைத்தால், வாசிக்கிறவர் எங்களை நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. எந்த அட்டவணை, எந்தப் பக்கம், எப்பிடிக் கூட்டினோம், எதை ஊகித்தோம் என்று எல்லாம் அங்கேயே இருக்கும். பிரதேச சபைத் தொகுதி, பாடசாலைக்கு ஆசிரியர், தமிழில் வேலை செய்யும் அலுவலர் என்று பல விசயத்துக்கு இந்த எண்களைத்தான் காட்டுவார்கள். அதைத் திருப்பிக் கேட்க நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கவேணும்.

கவனமாகச் செய்யவேண்டியவை

திறந்து வைப்பது எல்லாவற்றையும் கொட்டிவிடுவது ஆகாது. லயம் ஒன்றில் 12 குடும்பம் இருந்தால், பெயர் இல்லாமல் வயதும் தொழிலும் மட்டும் போட்டாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடன் விபரம் களஞ்சியத்துக்குள் போகவே கூடாது. பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அது கிடக்கும் என்பதை மறக்கக்கூடாது. எதையும் விடாமல் ஞாபகம் வைத்திருப்பது கிட்டின் பலம், இந்த இடத்தில் அதுவே ஆபத்து. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் மரியாதை இருக்கிறது. கணக்கு வழி திறந்திருக்கவேணும், ஆட்களின் வாழ்க்கை இல்லை.

இன்னொன்று, கிட்ஹப் பொதுச்சொத்து இல்லை. 2018-இல் மைக்ரோசொஃப்ட் அதை 7.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. நாளைக்கு விதியை மாற்றலாம். நல்ல வேளையாக கிட் வேறு, கிட்ஹப் வேறு. களஞ்சியத்தை இறக்கிய ஒவ்வொருவரிடமும் பொதுவாக முழு வரலாறும் பிரதியாக இருக்கும். ஒரு பிரதி நண்பரின் மடிக்கணினியில், ஒரு பிரதி வேறொரு தளத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். 2005-இலிருந்து ஈழத்து எழுத்துக்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டம் நமக்குக் கற்றுத்தந்ததும் அதுதான். ஒரே இடத்தில் இருக்கிற புத்தகம் எந்த நாளும் ஆபத்தில் இருக்கிற புத்தகம். யாழ்ப்பாண நூலகம் எரிந்த சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மொழி விசயமும் உண்டு. நிரல் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், அது பரவாயில்லை. ஆனால் 'ரீட்மீ' கோப்பும், பந்திகளும், கமிட் குறிப்பும் தமிழில் எழுதலாம், ஒன்றும் உடையாது. கண்டி முகவரின் அறிக்கை போல எங்களைப் பற்றி இன்னொரு மொழியில் இன்னொருவருக்கு எழுதப்பட்ட தாளாக இது ஆகிவிடக்கூடாது. மடுல்கெலையில் உயர்தரம் படிக்கிற தங்கச்சி திறந்து வாசித்து, 'அண்ணா, 14-ஆவது வரியில கூட்டல் இடிக்குது' என்று எழுதவேணும். சிங்களத்திலும் ஒரு பந்தி இருந்தால் இன்னும் நல்லது. பன்வில டவுனில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் தமிழர் இல்லை.

எங்கே தொடங்கலாம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவில் எத்தனையோ உயிர் போனது. அந்த நாட்களில் எண்கள் மணிக்கொரு தரம் மாறின. மாறுவது இயல்பு, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த எண் எப்போது எதனால் மாறியது என்ற வரிசை கையில் இருந்தால், பிறகு நிவாரணப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று கேட்கும்போது பேச்சு வேறுமாதிரி நடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, 2017 பெப்ரவரியிலிருந்து அமுலில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு கடிதம் எழுதித் தரவை வாங்கலாம். வாங்கியதை அலுமாரியில் வைக்காமல் களஞ்சியத்தில் வைத்தால், அடுத்த ஆள் அதே கடிதத்தைத் திரும்ப எழுதத் தேவையில்லை.

நாங்கள் முதலில் குடிசனமதிப்பு எண்களை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பன்வில பிரிவுக்கு ஒரு அட்டவணை, இரண்டு கணக்கெடுப்பு, ஒரு கூட்டல், ஒரு கழித்தல், தமிழில் நாலு பக்கம் விளக்கம். கணினி இல்லாதவர்களும் சேரலாம். அட்டவணையை வாசித்து எண்ணைச் சரிபார்க்க ஒரு ஃபோன் போதும், தோட்டத்தில் 2012-க்குப் பிறகு எந்த லயம் காலியானது என்று சொல்ல ஃபோன்கூட வேண்டாம், வீட்டில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டாலே போதும். அவர்கள் சொல்வதும் ஆவணத்தில் ஒரு பந்தியாக வரும், யார் வீடு என்று தெரியாத மாதிரி.

விடை என்ன வரும் என்று இப்போதே சொல்லமுடியாது. வந்த விடை யாருக்காவது பிடிக்காமல் போகலாம், எங்களுக்கே பிடிக்காமல் போகலாம். அப்போதும் கணக்கு திறந்தே இருக்கும். இடிக்கிற வரியைக் காட்டுங்கள், சேர்ந்து திரும்பக் கூட்டுவோம்.